பசியின் சரித்திரம் – 9: இரண்டு எலி, ஒரே ரத்த ஓட்டம்

சென்ற அத்தியாயத்தில் டென்மார்க்கின் தத்துப் பதிவேடுகளைப் புரட்டினோம். சிறு வயதிலேயே தத்துக் கொடுக்கப்பட்ட 540 பேரை ஆல்பர்ட் ஸ்டங்கார்டின் குழு ஆராய்ந்து 1986-இல் வெளியிட்ட முடிவு, அதுவரை இருந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டது. அந்தப் பிள்ளைகளின் உடல்வாகு, சோறு போட்டு வளர்த்தவர்களின் உடல்வாகோடு ஒத்துப்போகவில்லை. தாங்கள் பார்த்தேயிராத பெற்றோரின் உடல்வாகோடுதான் ஒத்துப்போனது. பின்னர் 1990-இல் கனடாவின் லாவல் பல்கலைக்கழகத்தில் க்ளோட் பூஷார் 12 ஜோடி ஒரே கரு இரட்டையருக்கு, வாரத்தில் ஆறு நாள் வீதம் மொத்தம் 84 நாள், தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார். எல்லோரும் உண்டது ஒரே அளவு மிகுதி. ஆனால் ஒருவருக்கு 4.3 கிலோ ஏறியது, இன்னொருவருக்கு 13.3 கிலோ ஏறியது. கூடப்பிறந்த இரட்டையர் இருவருக்கும் மட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஏறியது.

எடை ரத்தத்தில் வருகிறது என்பது இதனால் உறுதியானது. ரத்தத்தில் எது வருகிறது, அது உடலுக்குள் என்ன வேலை செய்கிறது, சர்க்கரை நோயையும் அதுதான் கூட்டி வருகிறதா? இந்தக் கேள்விகளுக்கான பதில் மனிதரிடம் தொடங்கவில்லை. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தின் பார் ஹார்பர் என்ற சிற்றூரில், ஒரு எலிக்கூண்டில் தொடங்கியது.

தீக்குப் பிறகு வந்த எலி

பார் ஹார்பரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகம் 1929-இல் தொடங்கப்பட்டது. ஒரே வம்சத்துக்குள் தலைமுறை தலைமுறையாக இனம் பெருக்கி, அச்சில் வார்த்ததைப் போன்ற மரபு ஒற்றுமை கொண்ட சுண்டெலிகளை வளர்த்து, உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்புவது அதன் பணி. 1947 அக்டோபரில், பார் ஹார்பர் இருக்கும் தீவைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஆய்வகத்தின் பெரும்பகுதி எரிந்தது. பல்லாயிரம் எலிகள் மடிந்தன. அதற்கு முன் அங்கிருந்து எலி வாங்கியிருந்த ஆய்வுக்கூடங்கள் தங்கள் கூண்டுகளில் இருந்த வம்சங்களைத் திருப்பி அனுப்பின. ஆய்வகம் மீண்டும் எழுந்தது.

எழுந்த இரண்டாம் ஆண்டு, 1949-இல், ஒரு கூண்டில் அளவுக்கு மீறிப் பருத்த எலிக்குட்டிகள் தென்பட்டன. ஓயாமல் தின்றன. மற்ற எலிகளைவிட மூன்று மடங்கு வரை எடை போட்டன. குட்டி போடும் திறன் அவற்றுக்கு இல்லை. இனக்கலப்புக் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஒரே மரபணு வந்து சேர்ந்த குட்டிகள் மட்டுமே இப்படி ஆகின்றன என்பது தெரிந்தது. இங்கால்ஸ், டிக்கி, ஸ்னெல் ஆகிய மூவரும் 1950-இல் இதை வெளியிட்டார்கள். மூவரில் ஒருவரான ஜார்ஜ் ஸ்னெல் வேறொரு ஆராய்ச்சிக்காக 1980-இல் நோபல் பரிசு பெற்றவர். பருமன் எலிக்கு அவர்கள் இட்ட சுருக்கக் குறி ‘ஓபி’.

1965-இல் அதே ஆய்வகத்தில் இன்னொரு பருத்த எலி கிடைத்தது. இது பருத்ததோடு நிற்கவில்லை. இதற்குக் கடுமையான சர்க்கரை நோயும் இருந்தது. சீக்கிரமே செத்தும் போனது. இதன் குறி ‘டிபி’. பார்வைக்கு இரண்டும் ஒரே உருவம். ஆனால் பழுதான மரபணுக்கள் வேறு வேறு குரோமோசோம்களில் இருந்தன. இரண்டு தனித்தனிப் பழுதுகள் எப்படி ஒரே உடலைத் தந்தன என்று கேட்டார் டக்ளஸ் கோல்மன்.

கோல்மன் தைத்த தையல்

கோல்மன் கனடாவின் ஒண்டாரியோவில் 1931-இல் பிறந்தவர், உயிர்வேதியியல் படித்தவர். 1958-இல் ஓரிரு ஆண்டு இருந்துவிட்டுப் போகலாம் என்று பார் ஹார்பருக்கு வந்தார். பணிக்காலம் முழுவதும் அங்கேயே இருந்துவிட்டார். எலி மரபியல் தனக்குப் புதிது என்பதால் அவர் ரத்தத்தின் வழியாக யோசித்தார்.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்று சிறு பகுதி ஒன்று உண்டு. அதன் ஓரிடத்தைச் சிதைத்தால் எலி வெறிகொண்டு தின்று பருக்கும் என்பதை ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் 1940-இலேயே காட்டியிருந்தார்கள். 1959-இல் இங்கிலாந்தில் ஹெர்வி என்பவர் அப்படிச் சிதைத்த எலியையும் நல்ல எலியையும் உடலோடு உடல் ஒட்டித் தைத்தார். சிதைத்த எலி பருத்தது. நல்ல எலி பசியற்று மெலிந்தது. பருத்த உடலிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியே வந்து நல்ல எலியிடம் ‘போதும்’ என்று சொல்லியிருக்க வேண்டும். அது என்ன என்பது யாருக்கும் தெரியவில்லை.

கோல்மன் அந்தத் தையல் முறையையே கையில் எடுத்தார். இரண்டு எலிகளின் விலாப்புறத் தோலைக் கீறி, இரண்டையும் பக்கவாட்டில் சேர்த்துத் தைக்க வேண்டும். புண் ஆறும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குள் வளரும். ஒன்றின் ரத்தத்தில் இருப்பது மெல்ல மெல்ல மற்றதற்குப் போகும். வாய் இரண்டு, வயிறு இரண்டு. ரத்தம் மட்டும் பொது.

முதலில் டிபி எலியை நல்ல எலியோடு தைத்தார். டிபி வழக்கம்போல் தின்றது. சில வாரத்துக்குள் நல்ல எலி செத்துப்போனது. அறுத்துப் பார்த்தபோது அதன் இரைப்பையும் குடலும் காலி. ரத்தத்தில் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. எதிரே தீனி இருக்க, அந்த எலி பட்டினி கிடந்து செத்திருக்கிறது. அதோடு ஒட்டியிருந்த டிபியின் வயிறு நிறைந்திருந்தது. 1969-இல் இதை வெளியிட்டார்.

அடுத்து டிபியை ஓபியோடு தைத்தார். இரண்டுமே பருத்தவை, இரண்டுமே தின்று தீர்ப்பவை. டிபி தின்றுகொண்டே இருந்தது. ஓபி தின்பதை நிறுத்தியது, மெலிந்தது, கடைசியில் செத்தது. மூன்றாவதாக ஓபியை நல்ல எலியோடு தைத்தார். இந்த முறை எதுவும் சாகவில்லை. ஓபி தின்பதைக் குறைத்துக்கொண்டது; அதன் எடை ஏறுவதும் மட்டுப்பட்டது.

இந்த மூன்று தையல்களிலிருந்து கோல்மன் வந்த முடிவு இது. பசியை அடக்கும் ஏதோ ஒரு பொருள் ரத்தத்தில் ஓடுகிறது. ஓபி எலிக்கு அதைச் சுரக்கத் தெரியாது; வெளியிலிருந்து வந்தால் அதற்குக் கட்டுப்படும். டிபி எலி அதை ஏராளமாகச் சுரக்கிறது. ஆனால் அதை உணரும் திறன் அதன் மூளைக்கு இல்லை. 1973-இல் இதை எழுதியபோது வரவேற்பு இல்லை. பருமன் என்பது நடத்தை, வாய்க்கட்டுப்பாடு இல்லாதவர்களின் பிரச்சினை என்பதே அப்போது மருத்துவ உலகின் பொது எண்ணம். கோல்மன் பல ஆண்டு முயன்றும் அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க முடியவில்லை. அதற்கான கருவிகள் அன்று இல்லை.

ஒரு ஞாயிறு அதிகாலை

1986-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் அந்த மரபணுவையே நேரடியாகத் தேடத் தொடங்கினார். ருடால்ஃப் லைபெல் தொடக்கத்தில் அவரோடு சேர்ந்து உழைத்தார். மரபணு வரைபடம் எதுவும் கையில் இல்லாத காலம். நூற்றுக்கணக்கான எலிக்குட்டிகளை இனம் பெருக்கி, பருமனோடு சேர்ந்தே வரும் மரபு அடையாளங்களைக் குறித்து, ஆறாவது குரோமோசோமில் எல்லையை அங்குலம் அங்குலமாகக் குறுக்கிக்கொண்டு வந்தார்கள். எட்டு ஆண்டு ஆனது.

1994 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. சந்தேகத்துக்கு உரிய மரபணு எந்தத் திசுவில் வேலை செய்கிறது என்று காட்டும் எக்ஸ்ரே ஃபிலிமை ஃப்ரீட்மன் கழுவி எடுத்துப் பார்த்தார். கொழுப்புத் திசுவுக்கு நேராக மட்டும் கறுப்புப் பட்டை விழுந்திருந்தது. ஓபி எலிகளில் ஒரு வகையில் அந்தப் பட்டையே இல்லை. இன்னொரு வகையில் அது பன்மடங்கு தடித்திருந்தது. அந்த எலியின் உடல் பழுதான செய்தியையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. அதன் மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்ததால் 167 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் 105-ஆம் இடத்திலேயே அறுந்து நின்றது.

அவர்கள் கண்டுபிடித்த புரதத்துக்கு லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். 1994 டிசம்பர் முதல் தேதி ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது. கொழுப்பு என்பது சும்மா கிடக்கும் சரக்கு என்றுதான் அதுவரை பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. இப்போது அது ஒரு சுரப்பி ஆகிவிட்டது. குதிரில் நெல் எவ்வளவு இருக்கிறது என்பதை அறிந்துதான் வீட்டில் உலை வைப்பார்கள். உடலின் குதிரில் கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்ற சேதியை மூளைக்கு லெப்டின் கொண்டுபோகிறது. சேதி வராவிட்டால் குதிர் காலி என்று மூளை முடிவு செய்து பசியை முடுக்கிவிடும். குதிர் நிரம்பி வழிந்தாலும் இதே கதைதான்.

1995 ஜூலையில் ஓபி எலிகளுக்கு லெப்டின் ஊசி போட்ட முடிவுகள் வந்தன. இரண்டே வாரத்தில் உடல் எடையில் 30 சதவீதம் இறங்கியது. டிபி எலியில் எந்த மாற்றமும் இல்லை. அதே ஆண்டு லெப்டினை வாங்கிக்கொள்ளும் ஏற்பியைக் கண்டுபிடித்தார்கள். 1996-இல் டிபி எலியில் பழுதானது அந்த ஏற்பியின் மரபணுவே என்பது உறுதியானது. கோல்மன் தையல் ஊசியால் சொன்னது இருபத்துச் சொச்சம் ஆண்டு கழித்து எழுத்துக்கு எழுத்து சரியாக நின்றது. 2010-இல் கோல்மனும் ஃப்ரீட்மனும் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள். கோல்மன் 2014-இல் மறைந்தார்.

கேம்பிரிட்ஜுக்கு வந்த சிறுமி

எலிக்குச் சரி, மனிதருக்கு? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீஃபன் ஓ’ராஹிலியும் இளம் மருத்துவர் சதாஃப் ஃபரூக்கியும் இரண்டு குழந்தைகளைச் சந்தித்தார்கள். பாகிஸ்தானை வேராகக் கொண்ட ஒரு குடும்பத்தின் உறவுப் பிள்ளைகள். ஒருத்தி 8 வயதுச் சிறுமி. எடை 86 கிலோ. மற்றவன் 2 வயதுப் பையன். எடை 29 கிலோ. பிறந்தபோது இருவரும் இயல்பான எடைதான். சில மாதங்களில் பசி தொடங்கியது; பிறகு ஓயவே இல்லை. சிறுமியால் நடக்க முடியாமல் கால்களில் அறுவைச் சிகிச்சை வரை நடந்திருந்தது. சாப்பாட்டை மறுத்தால் அழுகை, ஆர்ப்பாட்டம். இத்தனை கொழுப்பு இருந்தும் அவர்கள் ரத்தத்தில் லெப்டின் மிகமிகக் குறைவாக இருந்தது. லெப்டின் மரபணுவில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. 1997-இல் இது வெளியானது. மரபணு ஒன்று பழுதானதால் மனிதருக்கும் இத்தகைய பருமன் வரும் என்பதற்கு லெப்டின் வழியாகக் கிடைத்த முதல் சான்று அது.

அந்தக் குடும்பத்தில் பல தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே திருமணம் நடந்திருந்தது. பழுதான பிரதி ஒன்று மட்டும் இருந்தால் பெரிய பாதிப்பு தெரியாது. இரண்டு பக்கமும் அதே பழுது வந்து சேர்ந்தால்தான் நோய். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்கள் வழக்கத்தில் உள்ள நம் ஊர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

அந்தச் சிறுமிக்கு 9 வயதில், 94.4 கிலோ எடையில், தினமும் லெப்டின் ஊசி தொடங்கினார்கள். பத்து நாளுக்குள்ளேயே பசி தணிந்தது. வேளைக்கு வேளை உட்கார்ந்து, வேண்டியதை உண்டு, மிச்சம் வைத்து எழுந்தாள். ஓராண்டில் 16.4 கிலோ இறங்கியது; இறங்கியதில் பெரும்பகுதி கொழுப்பு. யாரும் அவளுக்கு உணவுக் கட்டுப்பாடு விதிக்கவில்லை. யாரும் அறிவுரை சொல்லவில்லை. அவளுடைய மன உறுதி பத்தே நாளில் வளர்ந்துவிடவில்லை. உடலில் இல்லாதிருந்த புரதம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். பருமனின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சாட்சியம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இரண்டு கோடி டாலரின் ஏமாற்றம்

இனிப் பருமனுக்கு ஊசிதான் என்று உலகம் ஆர்ப்பரித்தது. ஆம்ஜென் நிறுவனம் லெப்டின் உரிமைக்காக ராக்கஃபெல்லருக்கு முன்பணமாகவே 2 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் 1996-இல் பருமனாக இருப்பவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது, பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவாக இல்லை. மற்றவர்களைவிட அதிகமாகவே இருந்தது. சேதி போகிறது, மூளை அதற்குப் போதிய மதிப்புக் கொடுப்பதில்லை. 1999-இல் வந்த மருத்துவச் சோதனையிலும் பெரும்பாலோருக்குச் சொல்லிக்கொள்ளும்படி எடை குறையவில்லை. லெப்டின் சுரக்காதவர்கள் உலகில் மிகச் சிலரே. மற்றவர்களுடைய கதை வேறு.

அந்த வேறு கதையின் முதல் பக்கம் 1998-இல் திறந்தது. லெப்டின் கொண்டுவரும் சேதியை மூளைக்குள் அடுத்த கட்டத்துக்குக் கடத்தும் ஏற்பி ஒன்று உண்டு, பெயர் எம்சி4ஆர். இதில் பழுது இருந்தாலும் கடும் பசியும் பருமனும் வரும் என்று இங்கிலாந்துக் குழுவும் பிரெஞ்சுக் குழுவும் ஒரே சமயத்தில் காட்டின. இது அவ்வளவு அரிதும் இல்லை. சிறு வயதிலேயே கடும் பருமன் வந்த 500 பேரை ஃபரூக்கியின் குழு சோதித்து 2003-இல் வெளியிட்டபோது, 29 பேருக்கு இந்தப் பழுது இருந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய ஆறு பேர்.

சர்க்கரையைத் தேடப்போன இடத்தில்

ஒற்றை மரபணுப் பழுதுகளை விட்டுவிட்டு, நம் எல்லோருக்கும் பொதுவான சிறு வேறுபாடுகளுக்கு வருவோம். 2007-இல் பிரிட்டனில் டிமத்தி ஃப்ரெய்லிங், ஆண்ட்ரூ ஹாட்டர்ஸ்லி, மார்க் மெக்கார்த்தி ஆகியோரின் குழு இரண்டாம் வகைச் சர்க்கரை நோயின் மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தது. சர்க்கரை நோயாளிகளிடம் எஃப்டிஓ என்ற மரபணுவின் ஒரு வடிவம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் உடல் எடையைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தவுடன் அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. அந்த மரபணு சர்க்கரையை நேராகத் தொடவில்லை. எடையைக் கூட்டியது, எடை சர்க்கரையைக் கொண்டுவந்தது.

38,759 பேரிடம் இதைச் சரிபார்த்தார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரில் 16 சதவீதம் பேருக்கு அந்த வடிவத்தின் இரண்டு பிரதிகளும் இருந்தன. பிரதி ஒன்றும் இல்லாதவர்களைவிட அவர்கள் சராசரியாக 3 கிலோ கூடுதல். பருமன் ஆகும் வாய்ப்பு 1.67 மடங்கு. தனி ஒரு மனிதருக்கு 3 கிலோ பெரிய விஷயமில்லை. ஆனால் இத்தகைய மரபிடங்கள் ஒன்றல்ல. 2015-இல் 3,39,224 பேரை ஆராய்ந்து 97 இடங்களைக் குறித்தார்கள். 2018-இல் ஏறத்தாழ 7 லட்சம் பேரின் தகவலில் அது 900-ஐத் தாண்டியது. அவற்றில் பெரும்பங்கு வேலை செய்யும் இடம் வயிறோ குடலோ இல்லை, மூளை. பசி, நிறைவு, உணவின் மேல் நாட்டம் ஆகியவற்றை ஆளும் நரம்புகளில்தான் எடையின் மரபு குடியிருக்கிறது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு யாரும் போய்விட வேண்டாம். மரபு என்பது விதி இல்லை. 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்து 2011-இல் செய்த ஆய்வில், உடலுழைப்பு உள்ளவர்களிடம் எஃப்டிஓவின் பருமன் பாதிப்பு 27 சதவீதம் குறைந்திருந்தது. நம் பாட்டன்மாருக்கும் இதே மரபணுக்கள்தான் இருந்தன. மூன்று தலைமுறையில் மரபணு மாறுவதில்லை. மாறியது தட்டும் உழைப்பும்.

எடைக்கு ஒரு மரபு, நோய்க்கு இன்னொன்று

இப்போது ஒரு பழைய ஆய்வுக்குத் திரும்ப வேண்டும். லெப்டின் புகழில் பலரும் மறந்துபோன ஆய்வு அது. 1973-இல் கோல்மனும் கேத்தரின் ஹம்மலும் அதே ஓபி பழுதை இரண்டு வேறு எலி வம்சங்களுக்குள் கொண்டுபோனார்கள். இரண்டு வம்சத்திலும் எலிகள் ஒரே மாதிரி பருத்தன. ஆனால் ஒரு வம்சத்தில் கணையம் பெருத்து இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்து சமாளித்தது. சர்க்கரை கொஞ்ச காலம் ஏறி இறங்கியது. எலிகள் நெடுநாள் வாழ்ந்தன. இன்னொரு வம்சத்தில் கணையத்தின் இன்சுலின் செல்கள் களைத்து அழிந்தன. கடும் சர்க்கரை நோய் வந்து எலிகள் சீக்கிரம் மாண்டன. பருமனைத் தந்த மரபணு ஒன்றே. அந்தப் பருமன் நோயாகுமா ஆகாதா என்பதைத் தீர்மானித்தவை கூட இருந்த பிற மரபணுக்கள்.

அரை நூற்றாண்டு கழித்து மனிதரிடமும் இதைத்தான் காண்கிறோம். எம்சி4ஆர் பழுது உள்ளவர்கள் மிகவும் பருத்திருக்கிறார்கள். ஆனால் அதே எடையுள்ள மற்றவர்களைவிட அவர்களுக்கு ரத்த அழுத்தம் குறைவு என்று 2009-இல் தெரியவந்தது. ரத்த அழுத்தத்தை ஏற்றும் நரம்புகளும் அதே ஏற்பி வழியாகத்தான் இயங்குகின்றன. ஐஆர்எஸ்1 என்ற மரபணுவின் அருகே ஒரு வடிவம் உடலின் கொழுப்பைக் குறைக்கிறது. ஆனால் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. தோலுக்கு அடியில் கொழுப்பைச் சேர்த்து வைக்க முடியாத உடல் அதைக் கல்லீரலிலும் தசையிலும் இறக்குகிறது.

இதன் கடைக்கோடி லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோய். இவர்களுக்குக் கொழுப்புத் திசுவே கிட்டத்தட்ட இல்லை. நரம்பு தெரியும் ஒல்லி உடம்பு. ஆனால் கல்லீரல் முழுக்கக் கொழுப்பு, ரத்தத்தில் கட்டுக்கடங்காத சர்க்கரை. பருமனைக் குறைக்கப் பயன்படாமல் போன லெப்டின் ஊசி இவர்களுக்குத்தான் பெரிய துணையானது. 2014-இல் அமெரிக்கா அதை இந்த நோய்க்கான மருந்தாக அனுமதித்தது. எடைக்கும் நோய்க்கும் உள்ள உறவை ‘பருத்தால் நோய், மெலிந்தால் நலம்’ என்று ஒரு வரியில் அடக்க முடியாது என்பதற்கு இந்த ஒல்லி உடல்களே சான்று.

புனேயும் லண்டனும்

இந்தியருக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். புனே கேஇஎம் மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யூட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் படத்தையும் அருகருகே போட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ சரியாக 22.3. ஆனால் யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். எடை பார்க்கும் இயந்திரம் இருவரையும் ஒன்றாகத்தான் காட்டும்.

இந்த வேறுபாடு பிறப்பிலேயே தொடங்குகிறது. புனேயின் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டபோது, இங்கே சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5 கிலோ. தசையும் உறுப்புகளும் சிறுத்திருந்த நம் குழந்தைகளின் முதுகுத் தோலடிக் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. இதற்கு மரபணு மட்டுமே காரணம் இல்லை. சூலுற்ற தாய்க்குக் கிடைத்த உணவு, அவள் குனிந்து நிமிர்ந்து செய்த வேலை, அவளுடைய தாய் வளர்ந்த வறுமை எல்லாம் சேர்ந்தே அந்தக் குழந்தையின் உடலை எழுதுகின்றன.

அதனால்தான் ஐரோப்பியருக்கு பிஎம்ஐ 25-ஐ எல்லையாக வைத்த உலக சுகாதார நிறுவனம், ஆசியர்கள் 23-லேயே விழித்துக்கொள்ள வேண்டும் என்று 2004-இல் சொன்னது. இந்திய மருத்துவர்கள் 25-ஐத் தாண்டினாலே பருமன் என்கிறார்கள். இடுப்புச் சுற்றளவுக்கு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது நமக்கான எல்லை. சென்னையிலிருந்து வழிநடத்தப்பட்ட தேசிய ஆய்வு 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர். அவர்களில் ஒல்லியானவர்களும் ஏராளம். “எனக்கென்ன, நான் ஒல்லிதானே” என்று சோதனைக்கே போகாமல் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பதிவேட்டிலிருந்து நீங்கிய பெயர்கள்

இந்த அத்தியாயத்தில் கடைசியாக ஒன்று. கேம்பிரிட்ஜ் குழு கடும் பருமனுள்ள 300 குழந்தைகளை ஆராய்ந்தபோது, சிலருக்கு 16-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டே இல்லாதிருந்தது. லெப்டினின் சேதியை உள்வாங்கத் துணைபுரியும் எஸ்ஹெச்2பி1 என்ற மரபணு அந்தத் துண்டோடு போயிருந்தது. அந்தக் குழந்தைகளில் சிலருடைய பெயர்கள் ஏற்கெனவே பிரிட்டனின் சமூக நலத் துறைப் பதிவேட்டில், ஆபத்தில் உள்ள குழந்தைகள் பட்டியலில் ஏறியிருந்தன. பெற்றோர் வேண்டுமென்றே அளவுக்கு மீறி ஊட்டுகிறார்கள் என்று அதிகாரிகள் நம்பினார்கள். மரபணுச் சோதனை வந்த பிறகு அந்தப் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது அறியாமை, இறக்கியது ஆராய்ச்சி.

நம் வீடுகளில் பதிவேடு கிடையாது. அதற்குப் பதிலாகக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் பள்ளிக்கூட வகுப்பிலும் எல்லோர் முன்னிலையிலும் தீர்ப்புச் சொல்கிறோம். பருத்த பிள்ளையைப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம்; தட்டைப் பார்த்து எண்ணுகிறோம்; தாயைக் குறை சொல்கிறோம். அப்படிச் சொல்லி ஒரு பிள்ளையின் எடையும் இறங்கியதில்லை.

செய்ய வேண்டியவை வேறு. ஐந்து வயதுக்குள்ளேயே பசி அடங்காமல் எடை ஏறிக்கொண்டே போகும் குழந்தையைத் திட்டாமல், நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மரபணுச் சோதனை தேவையா என்று கேளுங்கள். லெப்டின் ஏற்பியிலும் அதைச் சார்ந்த பாதையிலும் வரும் சில பழுதுகளுக்கு 2020 முதல் மருந்து இருக்கிறது. ஒல்லியாக இருந்தாலும், பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தால், முப்பது வயதிலிருந்து ஆண்டுக்கொரு முறை ரத்தத்தைச் சோதியுங்கள். இடுப்பைச் சுற்றி ஒரு அளவுநாடாவை வைத்துப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, இன்னொருவர் உடலைப் பார்த்து அவர் குணத்தை எடைபோடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

(தொடரும்)